கிளட்ச், முழங்கால், அப்புறம் அந்த மிக்சி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் பாதிக் காரணம். மீதிப் பாதி, படித்த அன்றே எழுதியிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து கத்தியிருப்பேன். மின்சார வண்டியைச் ‘சக்கரம் வைத்த மிக்சி’ என்று எழுதியிருந்தாய் பார், வாய்விட்டுச் சிரித்தேன், வீட்டில் எல்லோருக்கும் படித்தும் காட்டினேன். அதுதான் வினையாகிப் போனது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போது ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலையில் தன் வண்டிச் சாவியை என் கையில் வைத்து, “மாமா, ஒரு வாரம் நீங்களே வெச்சு ஓட்டுங்க, அப்புறம் திட்டுங்க” என்றார்.

அந்த ஒரு வாரக் கதையைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் என் செய்தி ஒன்று. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. பழைய வண்டியை நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் நடக்க முடிகிறது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, “கிளட்ச் மிதிக்கிற வண்டியா ஓட்டுறீங்க?” என்று கேட்டார், ஏதோ கெட்ட பழக்கத்தைப் பற்றி விசாரிக்கிற குரலில். ஆக, இந்த வழக்கில் நான் நடுநிலையாளன் இல்லை. மனசு உன் கட்சி, முட்டி எதிர்க்கட்சி.

சரி, வண்டிக்கு வருகிறேன். ஹ்யூண்டாய் ஐயோனிக் 5 என். சும்மா கடைக்குப் போய்வருகிற மின்சார வண்டி இல்லை, நம்மைப் போன்ற பைத்தியங்களுக்கென்றே செய்தது. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் பத்து வினாடிக்கு முழு சக்தியும், அதாவது 478 கிலோவாட், திறந்துவிடும். நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.4 வினாடியில் தொடும். முதல் தடவை அமுக்கியபோது வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது, கெட்ட வார்த்தை ஒன்று தானாக வாயில் வந்தது. இரண்டாவது தடவை சிரித்தேன். நாலாவது நாள் அந்தப் பொத்தானை மறந்தே போனேன். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. நாம் இருவரும் வாழ்நாள் முழுக்க ஏங்கிய வேகம் கையில் வந்து விழுந்தது, மூன்று நாளில் சலித்துவிட்டது.

அதனால் வேகத்தை வைத்து இனிமேல் வாதாடாதே. அந்தக் கேஸ் முடிந்துவிட்டது. 2018-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் ஃபோக்ஸ்வாகனின் ஐடி.ஆர் என்ற மின்சார வண்டி 7 நிமிடம் 57 வினாடியில் உச்சிக்குப் போனது, அதற்கு முன் எந்த வண்டியும் அங்கே எட்டு நிமிடத்துக்குள் ஏறியதில்லை. காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. உச்சி 4,300 மீட்டர் உயரம், மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் மூச்சுத் திணறும், மோட்டாருக்கு மூச்சே தேவையில்லை. இன்னும் பின்னால் போனால் உனக்கு வலிக்கும். உலகத்தில் முதன்முதலில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காரே மின்சாரக் கார்தான், 1899-இல், பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்ஸி ஓட்டியது. அதற்குப் பிறகு 1912-இல் காடிலாக் பெட்ரோல் வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட் வந்தது, கைப்பிடி போட்டுச் சுற்றுகிற தொல்லை ஒழிந்தது, மின்சாரக் கார்களின் பெரிய சௌகரியமும் அதோடு போயிற்று. பெட்ரோல் இன்ஜினைக் காப்பாற்றியதே ஒரு குட்டி மின்சார மோட்டார்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, உனக்கு வராது.

இப்போது உன் பக்கம் பேசுகிறேன், கவனமாகக் கேள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மலைப்பாதைக்கு எடுத்துப் போனேன், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து. ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவு ஒன்று, இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றுமில்லை. நம் பழைய வண்டியில் அந்த வளைவு என்றால் என்னென்ன வேலை! பிரேக், கிளட்ச், மூன்றிலிருந்து இரண்டு, நடுவில் குதிகாலால் ஆக்சிலரேட்டரில் ஒரு சின்ன ரேஸ், கிளட்ச்சை விடும்போது வண்டி உதறாமல் இறங்க வேண்டும், அதற்குள் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்க வேண்டும், இரண்டு வினாடிக்குள் இரண்டு கையும் இரண்டு காலும் காதும் சேர்ந்து ஒரு காரியம் செய்யும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஏதாவது ஒன்று பிசகும். சரியாக அமைகிற அந்த இரண்டுக்காகத்தானே நாம் இத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்து போனோம். இந்த வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், மோட்டாரே பிடித்து வேகத்தைக் குறைத்தது, ஸ்டியரிங்கைத் திருப்பினேன், மிதித்தேன், வெளியே வந்துவிட்டேன். சுத்தமாக. பத்துக்குப் பத்து. செய்தது யார் என்றால் நான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் எடை. இதுதான் உண்மையான வியாதி, சத்தம் வராதது அல்ல. அந்த வண்டி ஏறக்குறைய 2,200 கிலோ. 84 கிலோவாட்-மணி பேட்டரி, வீட்டு மீட்டர் கணக்கில் 84 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் சக்தி இருக்கிறது, ஆக அரை டன்னை ஒட்டி வருகிற ஒரு பேட்டரிக்குள் இருப்பது பத்து லிட்டர் பெட்ரோல்கூட இல்லை. பெட்ரோல் இன்ஜின் தனக்குக் கிடைக்கிற சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சூடாக்கி வீணடிக்கும், மோட்டார் வீணாக்குவது பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதனால்தான் இந்த ஏற்பாடே ஓடுகிறது. ஆனால் வளைவில் நுழையும்போது டயருக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. பேட்டரி தரையோடு தரையாக இருப்பதால் வண்டி சாய்வதில்லை, தைரியமாக உள்ளே நுழைந்துவிடுகிறோம், நுழைந்த பிறகு மூக்கு வெளியே நழுவப் பார்க்கும்போதுதான் இரண்டு டன்னும் ஒரே சமயத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஒரு ஈர வளைவில் எனக்கு அது நடந்தது. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ரேஸ் டிராக்கில் நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்கு இன்னொரு தொல்லை. முழு வேகத்தில் சுற்றினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சூடும் ஏறும், அப்புறம் சார்ஜ் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்ரோல்காரன் அதற்குள் இரண்டு தடவை டேங்கை நிரப்பிக்கொண்டு போயிருப்பான். ஆனால் மலை இறங்கும்போது ஒரு வேடிக்கை பார்த்தேன். மேலே கிளம்பும்போது பேட்டரி 61 சதவீதம் காட்டியது, கீழே வந்து நின்றபோது 65. பிரேக்கைத் தொட்டதே நாலைந்து தடவைதான். நம் வண்டியில் அதே இறக்கத்தில் என்ன நாற்றம் அடிக்கும் என்று உனக்குத் தெரியும். எரிபொருள் கூடுகிற இறக்கத்தை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன், ஓரமாக நிறுத்தி அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். இந்த வண்டியில் பொய் கியர் இருக்கிறது. நிஜத்தில் ஒரே பல்சக்கர விகிதம்தான், ஆனால் ஒரு செட்டிங்கைப் போட்டால் எட்டு கியர் இருக்கிற மாதிரி நடிக்கும். ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் இரண்டு இதழ்கள், மாற்றும்போது ஒரு உதறல், மாற்றாமல் விட்டால் ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்றுகிற வேகம், உச்சத்தில் முட்டிக்கொண்டு மேலே ஏறாமல் அடம்பிடிக்கும். முதலில் ‘சீ’ என்றுதான் இருந்தது. பொய்ப்பல் கட்டிக்கொண்டு கரும்பு கடிக்கிற மாதிரி. பிறகு அதே கொண்டை ஊசிக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன், இரண்டாவது கியருக்கு இறக்கினேன், வண்டி உதறியது, எந்த வேகத்தில் இருக்கிறேன் என்று மீட்டரைப் பார்க்காமலே காதுக்குத் தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது, சத்தம் என்பது நமக்கு அழகுக்காக இல்லை, அது ஒரு அளவுகோல். பொய் அளவுகோலாக இருந்தாலும் உதவத்தான் செய்தது. நன்றாக ரசித்தேன், ரசித்ததற்காக என் மேலேயே கோபமும் வந்தது. டொயோட்டாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கிளட்ச் பெடலும் கியர் லீவரும் வைத்து, தப்பாகக் கிளட்ச்சை விட்டால் ஆஃப் ஆகிப்போகிற மின்சார வண்டியைச் சோதனைக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். தவறு செய்யும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கும் காலம் வந்துவிட்டது.

நீ உடனே ‘பொய், பொய்’ என்று குதிப்பாய், தெரியும். குதிப்பதற்கு முன் உன் கட்சி யோக்கியதையைப் பார். நீ கும்பிடுகிற பிஎம்டபிள்யூ எம்5, 2011-இல் வந்த மாடலிலேயே இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது, அதுவும் உள்ளே எட்டு சிலிண்டர் இன்ஜின் இருக்கும்போதே! 1980களில் வந்த முதல் எம்5 ஒன்றரை டன்னுக்குள் அடங்கியது. 2024-இல் வந்த எம்5-இல் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரியும் உண்டு, வண்டியின் எடை 2,400 கிலோவுக்கு மேல். மாப்பிள்ளையின் மிக்சியைவிடக் கனம். கிளட்ச் பெடல் கிடையாது. ஸ்டியரிங் மின்சாரத்தில் திரும்புகிறது, கியரை கம்ப்யூட்டர் மாற்றுகிறது. நம் கையிலிருந்து வேலையைப் பிடுங்கியது யார் என்று யோசித்துப் பார். மின்சாரக்காரன் வந்து சேர்வதற்கு முன்பே வீடு காலியாகிக் கிடந்தது, நாம் இப்போது அவனைத் திருடன் என்கிறோம்.

குரோஷியாக்காரர் மாட்டே ரிமாட்ஸ் கதை உனக்குத் தெரியுமா? பந்தயத்தில் ஓட்டிய பழைய பிஎம்டபிள்யூவின் இன்ஜின் வெடித்துப்போக, அதில் மின்சார மோட்டாரை வைத்து ஓட்டியவர். சுற்றி நின்றவர்கள் உன்னைப் போலவே சிரித்தார்கள். அப்புறம் நெவேரா என்று உலகத்திலேயே பயங்கரமான மின்சார வண்டிகளில் ஒன்றைச் செய்தார். அவர் தலைமையில் புகாட்டி கம்பெனி 2024-இல் காட்டிய புது வண்டி டூர்பியோன், அதில் என்ன இருக்கிறது தெரியுமா, டர்போ இல்லாத 8.3 லிட்டர் பதினாறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கூடவே மூன்று மோட்டார். மின்சாரத்தை உச்சிக்குக் கொண்டுபோன ஆளே இன்ஜினை விடவில்லை. எனக்கு இது உன் கட்சிக்குக் கிடைத்த வெற்றியாகத் தோன்றவில்லை. குதிரை சவாரி மாதிரி ஆகப் போகிறது, அவ்வளவுதான்: வேலைக்கு வேண்டாம், வசதியிருக்கிறவன் ஆசைக்கு வைத்துக்கொள்வான்.

நமக்கு அந்த வசதி இல்லை, நம்மிடம் இருப்பது ஒரு பழைய வண்டிதான். மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிய மறுநாள் அதை எடுத்தேன். ஒரு வாரம் சும்மா கிடந்ததில் கோபித்துக்கொண்டு, சோக்கை இழுத்த பிறகும் மூன்று தடவை இருமிவிட்டுத்தான் உயிர் வந்தது. பெட்ரோல் வாசம் உள்ளே அடித்தது. கிளட்ச்சை மெல்ல விட்டேன், அது பிடிக்கிற இடம் பழைய இடத்திலிருந்து சற்றே தள்ளிப் போயிருந்தது, காலுக்கு உடனே தெரிந்தது, முட்டிக்கும் தெரிந்தது. தெருமுனைவரை போய் வந்ததற்கே அன்றிரவு தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று. தினப்படி ஓட்ட ஒரு மின்சார வண்டி வாங்கப் போகிறேன், இந்த ராட்சசன் இல்லை, சின்னதாக, எடை குறைந்ததாக ஒன்று. திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

பழையதை விற்கவில்லை. ஆனால் மலைக்கு என்னால் இனி ஓட்ட முடியாது, ஆகவே அடுத்த முறை வரும்போது நீதான் ஓட்டப் போகிறாய். நீ இரண்டாவது கியருக்கு இறக்கும்போது ரேஸ் போதாமல் உதற வைப்பாய், நாற்பது வருஷமாக அப்படித்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருகிறேன். கிளட்ச் கேபிள் நைந்துகொண்டு வருகிறது. உன் பரணில் ஒன்று கிடப்பதாகச் சொன்னாயே, மறக்காமல் எடுத்து வா.

இப்படிக்கு,
உன் பக்கத்து சீட்டுக்காரன்