தர்மராஜர் கோயில் தேர்த் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வெளியூரில் வேலையாக இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் கமிட்டியின் வணக்கம்.

தேர் வெள்ளோட்டம் போன வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. கொட்டகை, தேர், முன்மண்டபக் கல்வேலை மூன்றும் நிறைவு. வரவு செலவு ரசீது எண்களோடு தனித்தாளில் இருக்கிறது. அதைத் திரும்ப எழுதவில்லை. தாளில் ஏறாதவற்றுக்காகத்தான் இந்த அறிக்கை. "தேர் ஓடிடுச்சே, இதெல்லாம் எதுக்கு?" என்று கமிட்டியில் இருவர் கேட்டார்கள். மற்றவர்கள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

பழைய தேர் நின்ற கொட்டகைக்குத் தீ வைக்கப்பட்டது போன வருஷம் ஆடி பிறப்பதற்கு முந்தைய வாரம், நள்ளிரவு தாண்டி. இரவு ஷிப்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் பார்த்துக் கத்தினார்கள். மேலே கீற்று, உள்ளே பல வருஷம் காய்ந்த மரம், மூலையில் கூத்துக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெட்டி. தீயணைப்பு வண்டி வருவதற்குள் கூரை உட்கார்ந்துவிட்டது. விடிந்து சாம்பலைக் கிளறினோம். முறுக்கிப் பிழிந்தது போல் சக்கரத்தின் இரும்புப் பட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிப்போன கூத்துக் கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகள், திரௌபதி அம்மனின் காவல் தெய்வமான மரப் போத்துராஜாவின் ஒரு கை. உடம்பெல்லாம் சாம்பலாகி அந்தக் கை மட்டும் எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. மண்ணெண்ணெய் வாடை மட்டும் எல்லோர் மூக்கிலும் ஏறியது.

கொட்டகையை ஒட்டிய இரண்டு கல் தூண்களில் கரி படிந்திருந்தது. தேய்த்துக் கழுவினால் போதும் என்றிருந்தோம். ஸ்தபதி வந்து சுத்தியலால் தட்டினார். தள்ளியிருந்த தூண்கள் கணீரென்றன. இவை இரண்டும் கீறல் விழுந்த பானைபோல் சத்தம் கொடுத்தன. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்கிற படிகத் துகள் 573 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சட்டென்று உப்புமாம். பக்கத்திலிருக்கும் மற்றத் துகள்கள் அப்படி உப்பாததால் கல் உள்ளுக்குள்ளேயே விட்டுப்போகும். அந்தக் கொதிக்கும் கல்லில் நாம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதும் சேர்ந்துகொண்டது. ஊற்றாமல் இருந்திருக்க முடியுமா? உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துத் தூண்களை மாற்றியதில்தான் மதிப்பீடு மீறியது. தேருக்குத் தேக்கு சுலபமாகக் கிடைத்தது. அச்சுக்கு வேண்டிய இலுப்பைக்குத்தான் அலைந்தோம்.

இனி, சொல்லக் கூச்சமாக இருக்கும் பகுதி.

2020 செப்டம்பரில் அந்தர்வேதி லட்சுமி நரசிம்மர் தேர் எரிந்தபின் ஆந்திராவில் கோயில்களுக்குக் கேமரா வைக்கச் சொன்னார்கள். நாமும் வைத்தோம். தீ பிடித்த இரவில் அந்தக் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பதிவு மட்டும் இல்லை. ஹார்டு டிஸ்க் கெட்டு எட்டு மாதம், மாற்றப் பணம் ஒதுக்காதது இந்தக் கமிட்டி. காட்டப் படம் இல்லை, ஆளாளுக்கு வாய் இருந்தது.

காலை ஒன்பது மணிக்குள் கோயில் லெட்டர்பேடில் புகார் எழுதியாயிற்று. அதில் காலனிப் பையன்கள் மூன்று பேருடைய பெயர். தீக்கு முந்தைய மாதக் கூட்டத்தில், தேர் எங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று சத்தமாகக் கேட்டவர்கள் அவர்கள். அதற்குமேல் ஆதாரம் கிடையாது. எழுதியது நான், கையெழுத்துப் போட்டவர்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர். வழக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 326-வது பிரிவில் பதிவானது, பழைய ஐ.பி.சி.யில் 436. ஆயுள் தண்டனை வரை போகும் பிரிவு அது. அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்போமா என்றால், அதற்கும் பதில் இல்லை.

மூன்று பேரும் ரிமாண்டில் போனார்கள். இரண்டு பேர் அந்த இரவு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நைட் ஷிப்டில் இருந்தது பிறகு கம்பெனி வருகைப் பதிவில் தெரிந்தது. மூன்றாவது பையன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தான். அதைச் சொல்ல அவன் அம்மா மட்டும்தான் இருந்தார். அவர் சொன்னதைக் காதில் வாங்கியவர் யாருமில்லை. ஒருவழியாக மூவர் பெயரும் நீக்கப்பட்டு, குற்றவாளி கண்டுபிடிக்கப்படவில்லை என்று வழக்கு மூடப்பட்டது.

வைத்தவன் யாரென்று தெரியாமல் திருப்பணி எப்படித் தொடங்குவது என்று கேட்டவர்கள் உண்டு. மாலை போடுகிற நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். 1950-ல் சபரிமலை எரிந்தது. தீ வைக்கப்பட்டதுதான் என்று விசாரணை அதிகாரி கேசவ மேனன் அறிக்கை கொடுத்தார். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மதுரை பி.டி. ராஜன் முன்னின்று செய்துகொடுத்த ஐம்பொன் விக்கிரகம் தமிழ்நாட்டு ஊர்களில் வலம் வந்து 1951-ல் பிரதிஷ்டை ஆனது.

வேலை நடக்கும்போதே, சித்திரையில் தேரில்லாமல் பாரதம் வைத்தோம். வழக்கம்போல் பகலில் தெலுங்கில் ஹரிகதை, இரவில் தமிழில் கூத்து. கூத்துக்காரர்கள் இரவல் கிரீடம் கட்டி ஆடினார்கள். அரக்கு மாளிகைப் படலம் நடந்த அன்று, பீமன் தானே தீ வைத்துவிட்டு எல்லோரையும் சுரங்கத்தில் கூட்டிக்கொண்டு போகிற இடத்தில் கூட்டம் கைதட்டியது. மண்டபத்துக்கு வெளியே தெருவிளக்கின் கீழ் நின்றிருந்த, அந்த மூன்றாவது பையனின் அம்மா, "உள்ள வெந்தது யாரு சாமி?" என்று கேட்டார். பாகவதர் தாளத்தை நிறுத்திவிட்டு, "ஒரு வேடுவப் பெண், அவளோட அஞ்சு பிள்ளைங்க. குடிச்சுட்டுத் தூங்கிட்டிருந்தாங்க" என்றார். அந்த அம்மா போய்விட்டார். கதை தொடர்ந்தது.

மறுநாள் நாங்கள் ஐந்து பேரும் காலனிக்குப் போனோம். புகார் தவறு என்று கையெழுத்திட்ட கடிதத்தை மூன்று வீட்டிலும் கொடுத்தோம். வக்கீல் செலவை எங்கள் கையிலிருந்து போட்டோம். கோயில் பணத்தில் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. இரண்டு வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மா கடிதத்தை வாங்கினார், பணம் இருந்த கவரைத் தொடவில்லை. "இதை வாங்கினா கணக்கு தீந்துச்சுன்னு எழுதிப்புடுவீங்க" என்றார். அந்தத் தொகை வங்கியில் தனிக்கணக்கில் இருக்கிறது. வரவு செலவுத் தாளின் கடைசி வரியில் "நிலுவை" என்று காட்டியிருக்கிறோம்.

கொட்டகைக்கு இப்போது செங்கல் சுவர், தகரக் கூரை. கேமரா பதிவாகிறதா என்று ஒன்றாம் தேதிதோறும் பார்த்துக் கையெழுத்துப் போட நோட்டு வைத்திருக்கிறோம். புதிய போத்துராஜா இரண்டு கையோடும் செதுக்கப்பட்டாயிற்று. பழைய கை மாடக்குழியில் இருக்கிறது.

அடுத்த பொதுக்குழுவில் முதல் பொருள், தேர் காலனித் தெருவுக்குப் போவது பற்றி. அந்தத் தெருமுனையில் கரண்ட் கம்பி தாழ்வு, கலசம் இடிக்கும் என்பதுதான் இதுவரை சொல்லப்பட்ட காரணம். புதிய தேர் பழையதைவிட இரண்டு முழம் குட்டை. கம்பத்தடியில் நிறுத்தி அளந்து பார்த்துவிட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் கமிட்டி