குண்டிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைதூர இலக்குச் சுடுதல் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சொந்த அளவுக்குச் செய்து வாங்கும் ரைஃபிள் கைக்கு வந்துவிட்டால் குறி தானாகவே அமைந்துவிடும் என்ற எண்ணத்தை அது ஏற்படுத்துகிறது. உரிமம் பெற்று, 14 மாதம் காத்திருந்து, அப்படி ஒன்றைச் செய்து வாங்கியவள் நான். என் தவறுகளில் பெரும்பாலானவை துப்பாக்கி கைக்கு வருவதற்கு முன்பே, செய்பவரிடம் நான் தந்த குறிப்பிலேயே நடந்துவிட்டன. அடுத்து செய்யச் சொல்லப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் இடக்கைக்காரி. அதனால் போல்ட் (ஒவ்வொரு முறையும் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் பூட்டுத்தண்டு) இடப்பக்கம் வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். வலக்கை ரைஃபிளில் ஒவ்வொரு முறையும் கையை மறுபக்கம் கொண்டுபோய் போல்ட்டை இழுக்கும்போது, தோளும் கன்னமும் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். இது ஒன்றைச் சரியாகக் கேட்டேன். மற்றதில் கோட்டைவிட்டேன்.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது எந்தக் குண்டை, அதாவது தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து செல்லும் பகுதியை, சுடப் போகிறோம் என்பதை. நானோ குழலிலிருந்து தொடங்கினேன். குழலுக்குள் ஓடி, குண்டைச் சுழலவைக்கும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்பதைக் குண்டின் நீளம் தீர்மானிக்கிறது. எடை அல்ல, நீளம். கிரீன்ஹில் என்ற கணித அறிஞர் 1879-லேயே இதற்குச் சூத்திரம் தந்துவிட்டார். நான் தேர்ந்தெடுத்தது 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா ரகம். அதில் 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) எடையை ஒட்டிய நீளமான குண்டுகளுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். அது தற்செயலாகச் சரியாக அமைந்தது.

குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில்தான் சறுக்கினேன். 147 கிரெயின் குண்டை நன்றாக வெளியே தள்ளிப் பொருத்த வேண்டும், அதற்கேற்ப அறையின் முன்பகுதியை நீட்டிக் கடையுங்கள் என்று வாயால் சொன்னேன். செய்தவர் சொன்னபடியே கடைந்து தந்தார். தோட்டாவின் மொத்த நீளம் 75 மி.மீ. வந்தது. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினின் உள் நீளம் 72 மி.மீ. அந்த மூன்று மி.மீட்டரால் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஒன்றொன்றாக உள்ளே வைத்துச் சுட்டேன். வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றை, நான் விரும்பும் நீளத்தில் செய்து, மேகசினோடு சேர்த்து அவர் மேஜையில் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். குறை அவருடையது அல்ல.

அடுத்தது கட்டை, அதாவது துப்பாக்கியைத் தோளில் தாங்கும் பகுதி. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளத்தை நான் நின்றபடி அளந்து கொடுத்தேன். சுடுவதோ படுத்தபடி. படுத்தால் தலை முன்னால் வரும். முதல் நாளே ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) விளிம்பு புருவத்தைக் கீறிவிட்டது. பின்முனையில் தகடுகள் சேர்த்து, ஸ்கோப்பையும் முன்னே நகர்த்தி, கன்னக்கட்டையை ஏற்றிய பிறகுதான் கண் வலிந்து தேடாமல் தானே வட்டத்தின் நடுவில் நின்றது. எந்த நிலையில் சுடுவீர்களோ அந்த நிலையில், அணியும் உடையோடு அளந்து கொடுங்கள். குழலின் தரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம்மில் பலர் கட்டைக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுப்பதில்லை. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது.

புதுக் குழலில் இன்னொரு விஷயமும் உண்டு. முதல் 40 தோட்டாக்களின் வேகத்தை அளந்து, நொடிக்கு 820 மீட்டர் என்று குறித்து, எந்தத் தூரத்துக்கு எவ்வளவு உயர்த்திக் குறிபார்ப்பது என்ற அட்டவணை போட்டேன். 150 தோட்டா கடந்த பிறகு, அதே மருந்தளவில் வேகம் 832 ஆகியிருந்தது. பல புதுக் குழல்கள் இப்படித்தான், உட்புறம் படிந்து அமையும் வரை வேகம் ஏறும். 100 மீட்டரில் வித்தியாசமே தெரியவில்லை. 800 மீட்டரில் குண்டுகள் ஏறத்தாழ ஒரு சாண் மேலே போய் விழுந்தன. காற்றைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு மாதம் வீணாக்கினேன்.

குழல் தேயும் பொருள் என்பதையும் தங்கள் கட்டுரை சொல்லவில்லை. வெப்பம் அறையின் முன்பகுதியை அரித்துக்கொண்டே இருக்கும். இந்த ரகத்தில் சுமார் 2,000 முதல் 3,000 தோட்டா வரைதான் போட்டித் தரத் துல்லியம் நிற்கும். ஆகவே எந்தக் கடைசல் கருவியால் அறை வெட்டப்பட்டது, புரி அளவு என்ன, கட்டைத் திருகுகள் எவ்வளவு இறுக்கத்தில் முடுக்கப்பட்டன என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு முறை குழல் மாற்றும்போதும், போல்ட்டின் முகத்துக்கும் அறையில் தோட்டாவின் தோள் தடுக்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கோ, நோ-கோ என்ற அளவுக்கட்டைகளால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கோ கட்டையின் மீது போல்ட் மூட வேண்டும், நோ-கோ கட்டையின் மீது மூடக் கூடாது. இது துல்லியத்துக்கான சோதனை மட்டுமல்ல, சுடுபவரின் முகத்துக்கும் கண்ணுக்குமான காப்பு.

என் முதல் குழல் 2,400 தோட்டாவைத் தொட்டுவிட்டது. இரண்டாவது குழலுக்கு இம்மாதம் சொல்லியிருக்கிறேன். இம்முறை மாதிரித் தோட்டா இரண்டும் மேகசினும் குறிப்போடு சேர்ந்தே போயிருக்கின்றன.

இப்படிக்கு,
இடக்கை வாசகி