சட்டியில் கெட்டதை மாத்திரை சரிசெய்யாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் முதல் தனுஷ்கோடி வரை சாலையோர மீன் வறுவல் கடைகளில் விடுமுறை நாட்களில் கூட்டம் நிரம்பி வழிகிறது. மீனில் குறை இல்லை, அன்றைக்குக் கரைக்கு வந்தது. எங்கள் கவலை சட்டியில் கிடக்கும் எண்ணெயைப் பற்றியது.

சமையல் எண்ணெயில் இயல்பாகவே உள்ள வைட்டமின் ஈ, அது கெடாமல் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட். 180 டிகிரிச் சூட்டில் முதலில் அழிவதும் அதுவே. அது தீர்ந்தபின் கொழுப்பு காற்றோடு சேர்ந்து வேகமாகச் சிதைகிறது. மீன் வறுக்கையில் கூடுதலாக ஒன்று நடக்கிறது: மத்தி, சூடை போன்றவற்றின் ஒமேகா-3 கொழுப்பும் கொலஸ்ட்ராலும் எண்ணெயில் இறங்குகின்றன. திரும்பத் திரும்பக் காய்கையில் அந்தக் கொலஸ்ட்ரால் 7-கீட்டோகொலஸ்ட்ரால் போன்ற, ஆக்சிஜன் சேர்ந்து கெட்ட பொருட்களாக மாறுகிறது. இவை ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைப் புண்படுத்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

பரவலாக நடக்கும் தவறு, குறைந்துபோன பழைய எண்ணெயில் புதியதை ஊற்றி நிரப்புவது. புது எண்ணெயின் வைட்டமின் ஈ-யைப் பழையதிலுள்ள சிதைவுப் பொருட்கள் சீக்கிரமே தின்றுவிடும். நிறத்தை வைத்து முடிவு செய்யவும் வழியில்லை, மிளகாய்த்தூளே சிவக்க வைத்துவிடும். நுரை அடங்காமல் நிற்பது, சீக்கிரமே புகைவது, ஆறியபின் பிசுபிசுப்பது ஆகியவையே அடையாளம். அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும்.

கடைக்காரர்கள் செய்யக்கூடியவை அதிகச் செலவு வைக்காதவை. அகன்ற சட்டியைவிட வாய் குறுகிய சட்டி நல்லது, காற்றுப் படும் பரப்பு குறையும். கடற்காற்றுக்கு மறைப்பு வேண்டும். மீனின் ஈரத்தை வடித்து, உதிரும் மசாலாவைத் தட்டிவிட்டுப் போட வேண்டும். அடியில் கருகும் கசடை ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு அரித்தெடுக்க வேண்டும். துருவேறிய இரும்புச் சட்டி ஆகாது, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதை இரும்பு முடுக்கிவிடும்.

'இதற்குத்தான் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை இருக்கிறதே' என்று நம்புவோர் பலர். பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் ஈ 600 மி.கி., சி 250 மி.கி., பீட்டா கரோட்டின் 20 மி.கி. தினமும் ஐந்தாண்டுகள் கொடுத்தும் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அதே ஆய்வில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் 40 மி.கி. இரண்டையும் குறைத்தது. டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு விளம்பர டப்பாவை வாங்குவது ஆபத்தான பேரம்.

பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் கணக்கு வைத்து, பழைய எண்ணெயைப் பதிவுபெற்ற முகவரிடம் ஒப்படைக்கும் கட்டாயம் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்துவோருக்கே. தனுஷ்கோடிச் சாலையில் எந்தத் தள்ளுவண்டி அந்த அளவை எட்டும்? உணவுப் பாதுகாப்புத் துறையினர் இந்தச் சேர்மங்களை அளக்கும் கருவியோடு விடுமுறை நாட்களில் இங்கு வர வேண்டும். சிறு கடைகளின் பழைய எண்ணெயை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் சேகரிப்பு மையம் ஒன்றை ராமேஸ்வரத்தில் அமைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். விலை கிடைத்தால் யாரும் நான்காம் நாளும் அதையே காய்ச்ச மாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள், மண்டபம்