செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். மதுரையில் இயங்கும் நமது புகைப்படச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்குச் சங்கத்தின் அஞ்சலி. அவருடைய இருட்டறைச் சாமான்களை, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடும் என்லார்ஜர் உட்பட, குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி.

சென்ற பொதுக்குழுவில் புது புரொஜெக்டர் வாங்குவதா, வேண்டாமா என்று நீண்ட விவாதம் நடந்தது நினைவிருக்கும். வாங்க வேண்டாம், அந்தப் பணத்தில் மாதாமாதம் உறுப்பினர்களின் படங்களைப் பிரிண்ட் போட்டுப் பார்ப்போம் என்று கடைசியில் முடிவானது. "தண்டச் செலவு" என்று அன்றைக்கு எதிர்த்தவர்களும் உண்டு. ஆண்டு முடிவில் சொல்கிறேன், சங்கம் அண்மைக் காலத்தில் செய்த செலவுகளில் உருப்படியானது இதுதான். புது கேமரா கற்றுத்தராததை 12க்கு 18 அங்குலத் தாள் நம்மில் பலருக்குக் கற்றுக்கொடுத்தது.

முறை எளிது. ஒருவருக்கு ஒரு படம். பெயர் பின்பக்கம் இருக்கும். மேசையில் வரிசையாகப் பரப்பி வைப்போம். பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, அப்புறம்தான் விமர்சனம். முதல் மாதம் வந்த பிரிண்டுகளில் பாதிக்கு மேல் இருட்டாக இருந்தன. "என்னண்ணே, போன்ல நல்லாத்தானே இருந்துச்சு?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். அச்சடித்துத் தரும் லேப்காரர் மேல் பழி போடக் கிளம்பியவர்களும் இருந்தார்கள். விசாரித்துப் பார்த்தால் காரணம் நம் வீட்டிலேயே இருந்தது. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து எடிட் செய்கிறோம். கண்ணுக்குப் படம் பிரகாசமாகத் தெரிவதால் வெளிச்சத்தை இன்னும் இரண்டு புள்ளி குறைத்துவிடுகிறோம். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, நாம் குறைத்ததெல்லாம் அங்கே கறுப்பாக வந்து நிற்கிறது. திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே வைத்து, அறையில் ஒரு விளக்கும் எரிய, படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமையும் ஒரு கண் பார்த்து எடிட் செய்தவர்களுக்கு அடுத்த மாதமே பிரிண்ட் சரியாக வந்தது. திரையின் நிறத்தைச் சரிபார்க்கும் கருவி ஒன்றும் சங்கத்தில் வாங்கியிருக்கிறோம். முறை வைத்து எடுத்துச் செல்லலாம். எடுத்துச் சென்றவர்கள் திருப்பித் தரவும் வேண்டும், இதற்குமேல் விளக்கமாகச் சொல்ல விரும்பவில்லை.

கோப்பு விஷயத்திலும் தாள் ஈவிரக்கம் காட்டவில்லை. 12க்கு 18 அங்குலத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சடிக்க 3600க்கு 5400 பிக்சல் போதும். அதாவது இரண்டு கோடிக்குச் சற்றுக் குறைவு. 24 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவர் 45க்கு ஏங்க வேண்டியதில்லை. 12 மெகாபிக்சல் போன் படத்தில்கூட அங்குலத்துக்கு 220 புள்ளி வரை கிடைக்கும், கை நீளத்தில் வைத்துப் பார்க்க அது தாராளம். ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளவாட்டில் ஏறக்குறைய 1600 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. அதை அச்சடித்தால் முகம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. மூலக் கோப்பை டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! இன்னொன்று: போன் படம் நான்குக்கு மூன்று விகிதம், 12க்கு 18 தாள் மூன்றுக்கு இரண்டு. ஓரத்தை நீங்களே வெட்டிக் கொடுக்காவிட்டால் லேபில் இருக்கும் தம்பி வெட்டுவார். அவர் வெட்டியதில் ஒரு கரகாட்டக் கலைஞரின் தலையில் இருந்த கரகமே காணாமல் போனது.

இனி படமெடுக்கப் போன உலாக்கள். ஆண்டின் தொடக்கம் வழக்கம்போல் சித்திரைத் திருவிழா. ஏப்ரல் 23ஆம் தேதி அதிகாலை கள்ளழகர் வைகையில் இறங்கியதைப் படமெடுக்க நடு இரவே போய் இடம் பிடித்தவர்களுக்கும், விடியற்காலையில் வந்து கூட்டத்தின் முதுகை எடுத்தவர்களுக்கும் சம அளவில் படங்கள் கிடைத்தன. சொல்லப்போனால் பின்னால் நின்றவர்களின் படங்களே தேவலை. முன்வரிசையில் எடுத்த தங்கக் குதிரைப் படங்கள் பலவற்றில் விளக்கு வெளிச்சம் பட்ட குதிரையின் கழுத்து வெள்ளைத் திட்டாக வெடித்துப்போயிருந்தது. கேமரா இருட்டுப் பின்னணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, வைத்தவர்களுக்கு மட்டும் பொன்னாகவே வந்தது. இருட்டாக விழுந்த முகங்களை கேமராவின் மூலப் பதிவான ரா கோப்பிலிருந்து ஓரளவு மீட்டெடுக்கலாம், வெடித்த வெள்ளையை யாராலும் மீட்க முடியாது. கருப்பசாமி வேடமிட்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் இடத்துக்குப் போகிறவர்கள் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, லென்ஸ் நுனிக்கு மட்டும் ஓட்டை விட்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து மழையுறை வாங்கிவந்த உறுப்பினர், மளிகைக் கடைப் பையோடு வந்தவரைவிட ஒன்றும் அதிகம் நனையாமல் இருக்கவில்லை.

நவராத்திரிக்கு முன்பு விளாச்சேரிக்குப் போனதுதான் என் கணக்கில் இந்த ஆண்டின் சிறந்த உலா. கொலு பொம்மைகளுக்குப் பேர்போன ஊர், நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. இத்தனை ஆண்டுகள் ஏன் சங்கமாகப் போகவில்லை என்று தெரியவில்லை. காய வைத்த பொம்மைகள் திண்ணை முழுக்க இருந்தன. உள்ளே ஒரே ஒரு ஜன்னல், அதன் பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு அக்கா பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து வெளிச்சம் கன்னத்தில் விழுந்து மூக்கைத் தாண்டி மெல்ல நிழலாக இறங்கியது. இப்படிப்பட்ட வெளிச்சத்துக்குத்தான் ஸ்டுடியோக்காரர்கள் சாஃப்ட்பாக்ஸ் வாங்குகிறார்கள். அவசரமாகப் பிளாஷைத் தட்டிய இரண்டு பேரை மற்றவர்கள் பார்த்த பார்வையிலேயே அது அணைந்துவிட்டது.

அங்கே எடுத்த இரண்டு படங்களை அந்த மாதக் கூட்டத்தில் அருகருகே வைத்தோம். ஒரே இடம், ஒரே லென்ஸ் துளை. ஒருவர் புள்ளி விழுந்துவிடுமோ என்று பயந்து வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 400இல் நிறுத்தினார், அவருக்கு ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/15 நொடி. இன்னொருவர் துணிந்து 3200க்குப் போனார், ஷட்டர் 1/125. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டாவது படம் சொரசொரவென்று இருந்தது. தாளில் அந்தப் புள்ளிகள் போன இடம் தெரியவில்லை. முதல் படத்தில் தூரிகை பிடித்த விரல்கள் அசைந்த அசைவு தாளிலும் அப்படியே இருந்தது. நாய்ஸ் எனப்படும் இந்தப் புள்ளி பிரிண்டில் கரையும், ஆட்டம் கரையாது. அன்றிலிருந்து நம் உறுப்பினர்களில் பலர் ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8இல் முழுதாகத் திறந்து எடுத்தவர்களுக்கு அக்காவின் ஒரு கண் மட்டும் தெளிவாக வந்து, பொம்மையும் தூரிகையும் கலங்கிப்போயின. துளையைச் சுருக்கி எஃப் 4இல் எடுத்த தம்பியின் படத்தில் மூன்றும் இருந்தன. பின்னணி கரைவதற்காகத்தான் லென்ஸ் வாங்குகிறோம், சரி. ஆனால் கூடவே விஷயமும் கரைந்துபோனால் எப்படி? தீபாவளிக்கு முன்பே பிரிண்டுகளை எடுத்துப்போய் அந்த வீடுகளில் கொடுத்துவிட்டு வந்தோம். எடுத்த படத்தை அதில் இருப்பவருக்கே கொடுப்பது இனி எல்லா உலாக்களுக்கும் பொருந்தும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

எந்தக் கேமரா வாங்கலாம் என்ற கேள்வி இந்த ஆண்டும் ஓயவில்லை. புதிதாகச் சேரும் மாணவர்கள் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமரா இல்லாவிட்டால் படமே எடுக்க முடியாது என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். அவர்களுக்குச் செயற்குழு சொல்லிவரும் பதில்: நான்கைந்து ஆண்டு பழைய சின்ன சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமரா பாடி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள், மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள். அந்தச் சின்ன சென்சாரில் 35 எம்எம் லென்ஸ் ஏறக்குறைய 50 எம்எம்மின் பார்வையைத் தரும், வீட்டுக்குள்ளும் வீதியிலும் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கோடு தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம். நம்மிடம் இருப்பதைக் காப்பாற்றுவதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேமராப் பைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சைக்கு நாமே விருந்து வைத்ததாகும். இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று, இவை போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

இதற்கு நேர்மாறாகக் கருவிதான் தீர்மானிக்கும் என்ற இடங்களும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. மதுரைக்குப் பக்கத்தில் உள்ள அரிட்டாபட்டி மலையில் வல்லூறு எடுக்கப் போனவர்களிடம் 200 எம்எம் லென்ஸ் இருந்தது, படத்தில் வல்லூறு காற்புள்ளி அளவில் இருந்தது. அடுத்த முறை 600 எம்எம் வரை போகும் ஜூமை வாடகைக்கு எடுத்துப் போனோம். ஆண்டுக்கு இரண்டு முறை தேவைப்படும் லென்ஸுக்கு வாடகையே சரி. அந்த லென்ஸும் காலை ஒன்பது மணி வரைதான். பாறை சூடாகிக் கானல் எழும்பிய பிறகு எந்த லென்ஸாலும் கூர்மை வராது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மலை அது. கூட்டுக்கு அருகில் போவதும், போனில் பறவைக் குரல் போட்டு வரவழைப்பதும் சங்க உலாவில் கூடாது.

கல்யாணம் எடுக்கும் உறுப்பினர்களுக்காக நடந்த வகுப்பில் ஒரே ஒரு பிரச்சினையைத்தான் பேசினோம், ஆனால் அது எல்லோருக்கும் வயிற்றெரிச்சல் பிரச்சினை. மண்டபத்தின் எல்இடி விளக்கில் எடுத்த படத்தில் குறுக்கே வரிவரியாகக் கோடு. ஊரின் பெரிய மண்டபம் ஒன்றில் மாங்கல்யதாரணம் முழுக்க இப்படி வரி விழுந்து, ஒரு தம்பி பெண் வீட்டாரிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். சைலன்ட் ஷட்டரை அணைத்துவிட்டு, கேமராவில் விளக்கின் துடிப்பைச் சமாளிக்கும் ஆன்டி பிளிக்கர் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். மேடைக்குப் பின்னால் வைக்கிற எல்இடி திரைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. தாலி கட்டுவதற்கு அரை மணி முன்பே நாலு ஷட்டரில் எடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் வழி.

எடிட்டிங் எதுவரை போகலாம் என்பதில் சங்கம் இரண்டாகப் பிரிந்து நின்றது. தெற்கு மாசி வீதிப் படம் ஒன்றில் மின்கம்பிகளை அழித்திருந்தார் ஒரு உறுப்பினர். "கம்பி இல்லாத மாசி வீதி எந்த ஊர்ல இருக்கு?" என்று மூத்தவர் ஒருவர் கேட்க, கூட்டம் ராத்திரி பத்தரைக்கு முடிந்தது. அதன் தொடர்ச்சியாகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் பற்றிய உரை ஏற்பாடானது. மதராஸ் அரசுக்காகப் படமெடுத்த டிரைப் 1858இல் மதுரையில் எடுத்த படங்களில் திருமலை நாயக்கர் மகால் உண்டு. 1866க்கும் 1872க்கும் இடையில் நேப்பியர் பிரபு காலத்தில் மகால் பழுதுபார்க்கப்பட்டதற்கு முந்தைய நிலையை அவற்றில் பார்க்கலாம். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவிலிருந்து போடும் பிரிண்டில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் நெகட்டிவின் மேலேயே மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவரும் அவர்தான். ஊட்டியில் இருந்த புகைப்படப் பிலிம் தொழிற்சாலையின் 'இந்து' தாளில் பிரிண்ட் போட்ட அனுபவமுள்ள நம் மூத்தவர்களும், என்லார்ஜருக்கு அடியில் கையால் மறைத்து முகத்தை வெளுப்பாக்கியதையும் வானத்தைக் கறுப்பாக்கியதையும் செய்துகாட்டினார்கள். ஆக, கைபடாத படம் என்று ஒன்று முன்பும் இருந்ததில்லை. அதற்காக எல்லாவற்றையும் அனுமதிக்கவும் முடியாது.

முடிவாக நம் ஆண்டுப் போட்டிக்கு வகுத்த விதி: வீதி, விழா, பறவைப் பிரிவுகளில் வெட்டுவது, வெளிச்சம், நிறம், சென்சார் தூசி இவற்றைச் சரிசெய்யலாம். எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது, கேட்டால் மூலக் கோப்பைக் காட்ட வேண்டும். படைப்புப் பிரிவில் கம்பியை அழிக்கலாம், மேகமும் சேர்க்கலாம், அந்த மேகம் நீங்கள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஏஐ வரைந்து தந்த படங்களுக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. என் சொந்தக் கருத்து, நாம் சண்டை போட வேண்டிய விஷயம் கம்பி அல்ல, நிறத்தை அளவுக்கு மீறி ஏற்றும் சாச்சுரேஷன். தாளில் ஆரஞ்சு நிறமாக வந்த மீனாட்சி கோபுரங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

தைப்பூசத்தன்று தெப்பக்குளத்தில் எடுத்த இரவுப் படங்கள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஏப்ரல் கூட்டத்தில் பார்ப்போம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அச்சுச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியதால் சந்தாவைச் சற்று உயர்த்தும் தீர்மானம் இன்று வருகிறது, மாணவர்களுக்கு உயர்வு இல்லை. பழைய சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் வாக்களிக்கலாம். புதிய செயற்குழுத் தேர்தல் உணவு இடைவேளைக்குப் பிறகு. கூட்டம் நடத்த மாடி அறையை வாடகை வாங்காமல் கொடுத்துவரும் உறுப்பினருக்கும், நம் கோப்புகளைப் பொறுமையாகத் திருப்பித் திருப்பி அச்சடித்துத் தந்த லேப் ஊழியர்களுக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்