முதல் கணு ஆழத்தில் ஒரு தட்டைப்பயறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில் மழலையர் பள்ளிகள் பலவற்றில் எல்.கே.ஜி. பிள்ளைகள் கையில் வேப்பங்கன்றோ புங்கங்கன்றோ கொடுத்து நட வைத்துப் படம் எடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வேம்பு ஒரு மாதத்தில் விடும் நாலு இலைக்காகக் காத்திருக்க மூன்றரை வயதுக்குப் பொறுமை ஏது? பிள்ளை மறந்துவிடுகிறது, கன்றும் காய்ந்துவிடுகிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிகிற உயிர்தான் அந்த வயதின் மனசைப் பிடிக்கும்.

எங்கள் கைகண்ட தேர்வு தட்டைப்பயறு. சமைக்க வாங்கும் பயறே போதும். விதைக்கடைப் பொட்டலங்களில் பல மருந்து தடவியவை, ரோஸ் நிறமோ நீலமோ ஏறியிருக்கும். அவை பிள்ளைகள் கையில் படவே கூடாது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு. பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் வெந்துபோகும். வெறும் செம்மண் என்றால் மேலே பொருக்குத்தட்டி, முளை முட்ட முடியாமல் உள்ளேயே அழுகும். கொட்டாங்குச்சி அழகாக இருக்கும், ஆனால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அடியில் ஓட்டை போட்ட பழைய வாளி நல்லது. இரவு ஊறவைத்த பயறை, பிள்ளை தன் ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் அழுத்தி எடுத்த குழியில் போடட்டும்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மண் லேசாக விரிசல் விடும். கொக்கிபோல் வளைந்த வெளிர்பச்சைத் தண்டு முதலில் தெரியும். அது நிமிரும்போது பயறின் இரு பாதிகளையும் மேலே தூக்கிக்கொண்டு வரும். அன்று காலை அந்த வாளியைச் சுற்றிக் குனிந்திருக்கும் பிள்ளைகளிடம் பாடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முன்பே சிலர் தோண்டிப் பார்த்துவிடுவார்கள். திட்டாதீர்கள், அது அறிவின் அரிப்பு. ஒரு கண்ணாடிநிற பிளாஸ்டிக் டப்பாவின் உட்சுவரை ஒட்டி ஈரத்துணி சுருட்டி வைத்து, துணிக்கும் சுவருக்கும் நடுவே நாலு பயறு செருகுங்கள். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர், பயறில் படாமல். வேர் இறங்குவதைத் தோண்டாமலே பார்க்கலாம்.

செடி சாவதற்கு முக்கியக் காரணம் அன்புதான். முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினால் இரண்டே நாளில் தண்டின் அடி கறுத்துச் சாயும். நாளுக்கு இருவர் மட்டும் தண்ணீர்க்காரர்கள். விரலை வைத்துப் பார்த்து, ஈரமண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. மற்றவர்களின் ஊற்றும் ஆசைக்குத் தனியே ஒரு சேற்று மூலை வேண்டும். வெயிலில் கொதிக்கும் செயற்கைப் புல்விரிப்பில் ஒரு பகுதியைச் சுருட்டிவிட்டால் இடம் கிடைக்கும். அந்த மூலையை இரவில் தார்ப்பாயால் மூடுங்கள், இல்லாவிட்டால் நாயும் பூனையும் அசிங்கம் செய்யும். விளையாடி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவது கட்டாயம். பறவைக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டை மூன்று நாளைக்கு ஒருமுறையாவது தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்கு கொசு வளரும்.

அடுத்து ஒரு கறிவேப்பிலைச் செடி. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதைத் தேடி வந்து முட்டையிடும். இளம் புழு பறவை எச்சம் போலவே இருப்பதால் துடைத்து எறிந்துவிடுவோரும் உண்டு. வளர்ந்தபின் பச்சையாகும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி வாடை அடிக்கும். முட்டையிலிருந்து சிறகு வரை சுமார் மூன்று, நான்கு வாரம். மருந்து அடிக்காதீர்கள், தின்ற இலை திரும்பத் துளிர்க்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பது என்று ஒரு விளையாட்டாகவே பழக்கினால், கம்பளிப்பூச்சி வந்தாலும் அரிப்பு இல்லை. கூட்டிலிருந்து வரும் பூச்சியின் சிறகு ஈரமாய்ச் சுருங்கியிருக்கும், பிரித்துவிட உதவினால் அது பறக்காது. சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஒட்டுண்ணிக் குளவி வரும், சில புழுக்களை எறும்பு இழுத்துப்போகும். அப்போது வேறொரு புழுவை ரகசியமாக வைத்து ஏமாற்றாமல், செத்துப்போச்சு என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. எண்ணிப் பழகக் குன்றிமணி கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை போதும், மூக்கில் திணிக்காமல் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அரளி, ஊமத்தை, ஆமணக்கு, கண்ணில் பட்டால் கெடுதி செய்யும் எருக்கு ஆகியவை வளாகத்துக்குள் வேண்டாம்.

ஜெர்மன் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபிரோபெல் 1840இல் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தபோது, குழந்தைகள் தோட்டம் என்பதே பொருள். பிள்ளைக்கு ஒரு சிறு பாத்தி, எல்லோருக்குமாக ஒரு பொதுப்பாத்தி என்பது அவர் முறை. இன்று பெயர்ப்பலகையில் கிண்டர்கார்டன் இருக்கிறது, உள்ளே தரை முழுக்க டைல்ஸ்.

பள்ளி நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது ஒரு குழாய், இரண்டு வண்டி மண், காலையில் இருபது நிமிடம். பெற்றோரிடம் கேட்பது, சேறானால் பரவாயில்லை என்று ஒரு பழைய சட்டை. ஆடிப்பட்டம் வருவதற்குள் இவை கிடைத்தால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியைகள் சிலர்,
மதுரை.