புள்ளியைப் பார்த்துவிடு

அன்புள்ள மகளுக்கு,

மூன்று வாரமாக உன் குரல் கேட்கவில்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரி. கடைசியாகப் பேசியபோது, வெளியிலிருந்து வரும் வீடியோ அழைப்புகள் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை என்றாய். உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அது என்னவாயிற்று என்று கேட்க இதை எழுதவில்லை. வேலைக் குறிப்புகள் எழுதிவைத்த என் நீல நோட்டில் இருப்பதில் கொஞ்சம் எழுதி அனுப்பலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முதலில் புள்ளி. வருகிற அழைப்பு எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில், அதாவது இணையத்தின் முகவரிப் புத்தகத்தில், சொல்லும் எஸ்ஆர்வி (SRV) பதிவின் கடைசியில் சர்வர் பெயருக்குப் பின்னால் புள்ளி இருக்கிறதா என்று பார். அந்தப் பதிவுகளை எழுதிவைக்கும் சோன் கோப்பில் அது விடுபட்டால், சர்வர் பெயரோடு உங்கள் டொமைன் பெயர் இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும். பிறகு வெளியிலிருந்து அழைக்கிறவர்கள் இல்லாத சர்வரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அலுவலகத்துக்குள்ளேயே அழைத்துப் பார்த்துவிட்டு "வேலை செய்கிறதே" என்று யாராவது சொன்னால் நம்பாதே. உள்ளே இருக்கும் கருவிகள் சர்வரில் நேராகப் பதிந்துகொண்டவை; தங்களுக்குள் பேச அவற்றுக்கு எஸ்ஆர்வி வேண்டாம். வெளியே இருப்பவரிடம் ஒரு பெயரும் உங்கள் டொமைனும் மட்டுமே உண்டு. எந்த இயந்திரம், அதில் எந்தப் போர்ட், அதாவது எந்த வாசல் எண், என்று அவருடைய சர்வர் டிஎன்எஸ்ஸைத்தான் கேட்க வேண்டும். சிப் (SIP) என்ற அழைப்பு முறையில், டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தோடு வரும் அழைப்புக்கு 5061, மறையாக்கம் இல்லாத சாதாரண சிப்புக்கு 5060. எச்.323 என்ற பழைய அழைப்பு முறையில் ஓடும் கருவிகளுக்காக 1720-க்கும் 1719-க்கும் தனித்தனிப் பதிவு எழுது. தரவு போகும் வழி 1720-க்கு டிசிபி, 1719-க்கு யூடிபி, மாற்றி எழுதிவிடாதே.

ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர் இருந்தால், பதிவின் முன்னுரிமையில் சிறிய எண்தான் முதலில், 10 பதில் தராதபோதுதான் 20. இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்ஆர்வியின் இலக்கு மாற்றுப்பெயராக, அதாவது சி-நேமாக (CNAME), இருக்கக் கூடாது என்று, எஸ்ஆர்விக்கான விதிகள் உள்ள ஆர்எஃப்சி 2782 ஆவணத்தை அச்செடுத்து வந்து என்னையே திருத்தியவள் நீ. அன்று எனக்கு இரவெல்லாம் பெருமை. உன்னிடம் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு சிக்கல் என்றால் என்னிடம் சொல்ல என்ன தயக்கம்? நான் யாரோவா?

டிடிஎல்லையும் பார், ஒரு பதிலை மற்ற சர்வர்கள் எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற எண்ணை. மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே 300-ஆகக் குறைத்துவிடு. 86400 என்று விட்டுவைத்தால், நீ திருத்திய பிறகும் தவறான பதில் ஒரு நாள் வரை ஊரார் சர்வர்களில் தங்கியிருக்கும். புள்ளியை மறந்துவிடாதே.

இதுவரை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்த அந்த வாரம், புள்ளியை விட்டவன் நான்தான். டிடிஎல் 86400. ஒரு நாள் முழுக்க வெளி அழைப்பு ஒன்றுகூட வரவில்லை. என்னோடு வேலை பார்த்த இளைஞனின் தவறு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவன் அடுத்த மாதமே வேலையை விட்டான். போகும்போது, தொழில் கற்றுக்கொடுத்ததற்காக எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்த விடுமுறை முழுக்க நான் ஏன் யாரோடும் பேசவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். வேலை அதிகம் என்றேன்.

தவறு உன்னுடையதாக இருந்தால் சொல்லிவிடு கண்ணே, இன்றைக்கே சொல்லிவிடு. உன்னுடையது அல்ல, உன் தலையில் போட்டிருக்கிறார்கள் என்றால், பழைய சோன் கோப்புகளை அழித்துவிடாதே. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்தக் கோப்பில் கூட்டி எழுதும் எஸ்ஓஏ வரிசை எண்ணைத் தேதியிட்டு எழுதும் பழக்கம் உனக்கு உண்டு. எந்த நாளில் எது மாறியது என்று அதுவே காட்டும்.

அம்மாவுக்கு இது தெரியாது. நீல நோட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். 41-ஆம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. புள்ளி இல்லாமல்தான் இருக்கிறது. நான் திருத்தவில்லை.

அப்பா