1603 என்ற எண்ணுக்குப் பின்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவன சர்வர் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விண்டோஸில் மென்பொருளை நிறுவித் தரும் 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' 1603 என்ற பிழை எண்ணைக் காட்டியதும், அதை இணையத்தில் தேடிக் கிடைக்கும் வைத்தியங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துபார்ப்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் நிறுவல் தோற்றது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. நடப்பதையெல்லாம் வரிசையாகக் குறித்துவைக்கும் விரிவான பதிவுக் கோப்பை (லாக்) எழுதும்படி நிறுவலை மீண்டும் இயக்கி, அதில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' (Return value 3) என்ற தொடரைத் தேடினால், உண்மையான காரணம் பெரும்பாலும் அதற்குச் சில வரிகள் மேலேயே இருக்கும். ஒருமுறை இரண்டு இரவுகளை வீணாக்கிய பிறகு நான் கண்டது, ஒரு கோப்புறையில் எழுதுவதற்கு விண்டோஸின் உள் கணக்கான 'சிஸ்டம்' கணக்குக்கு அனுமதி இல்லை என்ற ஒற்றை வரியைத்தான். (பதிவை முதலிலேயே திறக்காதது என் தவறு.)

மற்ற எண்களில், 1618 என்றால் வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது; 3010 பிழையே அல்ல, மறுதொடக்கம் மட்டும் பாக்கி.

வட்டில் இடம் போதவில்லை என்று விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'இன்ஸ்டாலர்' கோப்புறையைக் காலிசெய்வதுதான் மிக மோசமான பழக்கம். பழைய பதிப்பை நீக்கத் தேவையான தொகுப்புகள் அங்கேதான் சேமிக்கப்படுகின்றன. அவை போய்விட்டால், பழையதை அகற்ற முடியாமல் மேம்படுத்தல் 1714 என்ற பிழையுடன் நின்றுவிடக்கூடும், பிறகு அதே பழைய பதிப்பின் மூல நிறுவல் கோப்பைத் தேடி அலையவேண்டியிருக்கும்.

பதிவுக் கோப்பை வாசிக்கும் முறை குறித்துத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்